இனமும் சமூகமும்: 12 வார இணையவழிப் படிப்பு ஒன்றின் மதிப்பீடு

இனம் என்ற கருத்து எப்படி உருவானது, அது சட்டத்தையும் மருத்துவத்தையும் வேலைவாய்ப்பையும் குடியிருப்பையும் எந்தெந்த வழிகளில் வடிவமைத்தது என்பதைப் பல்கலைக்கழக அளவில் கற்றுத்தரும் 12 வார இணையவழிச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்றை அண்மையில் முடித்தேன். வாரத்துக்கு இரண்டு பதிவுசெய்த விரிவுரைகள், ஐம்பது அறுபது பக்க வாசிப்பு, ஒரு நேரலைக் கலந்துரையாடல், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு சிறு கட்டுரை, கடைசியில் ஒரு நீண்ட கட்டுரை என்பது இதன் அமைப்பு. நடத்திய நிறுவனத்தின் பெயரை இங்கே தரவில்லை. இதுபோன்ற படிப்புகளைப் பல பல்கலைக்கழகங்கள் நடத்துவதால், எதில் சேர நினைப்பவருக்கும் இந்த மதிப்பீடு பயன்படவேண்டும் என்பதே என் விருப்பம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூல ஆவணங்களை மாணவர் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்ன வாரங்களில் இந்தப் படிப்பு மிக உயர்ந்த தரத்தில் இருந்தது. ஆவணத்தை விட்டுவிட்டு வரையறைகளையும் வட்டப்படங்களையும் நம்பிய வாரங்களில், அதிலும் எல்லாவற்றுக்கும் மையமாக இருந்திருக்கவேண்டிய எட்டாம் வாரத்தில், அது மிகவும் தளர்ந்துபோனது.

தமிழில் சிந்திப்பவருக்கு முதல் வாரமே ஒரு தடங்கலைத் தரும். இனம் என்ற நம் சொல் மிக அகலமானது. ஒரு மொழி பேசுவோரை இனம் என்கிறோம், உறவினரை இனசனம் என்கிறோம், மாட்டிலும் நெல்லிலும் இனம் பார்க்கிறோம். ஒருவன் சேர்ந்து பழகும் கூட்டத்தையும் வள்ளுவர் இனம் என்றே சொல்லி, சிற்றினம் சேராமைக்கு ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். இந்தப் படிப்பு பேசும் ரேஸ் என்பதோ, உடல் அடையாளங்களை, குறிப்பாகத் தோல் நிறத்தை வைத்து மனிதரைப் பிரித்து, அந்தப் பிரிவுகளைப் பிறப்போடு வரும் மாறாத தரவரிசையாக நிறுத்திய, சில நூற்றாண்டுகளே வயதுள்ள ஓர் ஏற்பாடு. மொழி, பண்பாடு, வம்சம் ஆகியவற்றால் அமையும் குழுவைச் சுட்டும் எத்னிசிட்டி என்பதற்கும் ரேஸ் என்பதற்கும் நாம் ஒரே சொல்லைப் புழங்குவதால், விரிவுரையாளர் இரண்டையும் பிரித்துப் பேசும் இடங்கள் முதல் தடவை கேட்கும்போது காதில் விழாமலே போய்விடுகின்றன. நான் குறிப்பேட்டில் ரேஸ் என்ற ஒலிபெயர்ப்பையே வைத்துக்கொண்டேன், அது பெரிய உதவியாக இருந்தது. இக்கட்டுரையில் இனம் என்று எழுதும் இடங்களையும் அந்தக் குறுகிய பொருளிலேயே கொள்ளவேண்டும்.

அறிவியல் வரலாற்றுக்கு ஒதுக்கிய இரண்டாம் வாரம் அவசரமானது. 1735இல் இயற்கையியலாளர் லின்னேயஸ் மனிதரை நான்காகப் பிரித்ததும், பின்னர் புளூமன்பாக் அதை ஐந்தாக்கியதும், 1911இல் மானுடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் ஏறத்தாழ 18,000 குடியேறிகளையும் அவர்களுடைய பிள்ளைகளையும் அளந்து, மாறாதது என்று நம்பப்பட்ட தலை வடிவம்கூட ஒரே தலைமுறையில் மாறுகிறது என்று காட்டியதும், 1972இல் மரபியலாளர் ரிச்சர்ட் லெவான்டின் மனித மரபணு வேறுபாட்டில் ஏறக்குறைய 85 சதவீதம் ஒவ்வொரு மக்கள்தொகைக்கு உள்ளேயே இருக்கிறது என்று கணக்கிட்டதும் ஒரே விரிவுரையில் ஓடி மறைகின்றன. லெவான்டின் கணக்கை எதிர்த்து எழுந்த வாதத்தையாவது சொல்லியிருக்கலாம். பல மரபணு இடங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒருவருடைய மூதாதையர் எந்தப் பகுதியினர் என்று கணிக்க முடியும் என்பது உண்மை. ஆனால் அப்படிக் கணிக்க முடிவதாலேயே பழைய ஐந்து இனப் பட்டியல் இயற்கையின் பட்டியல் ஆகிவிடாது. இந்த நுணுக்கத்தை விளக்காமல் அடுத்த வாரத்துக்குப் போய்விட்டால், கேள்வி கேட்கும் மாணவர் பதிலின்றி நிற்பார்.

இந்தக் குறையையெல்லாம் மறக்கவைத்தது மூன்றாம் வாரம். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் படிவங்களையும், கணக்கெடுப்பாளருக்குத் தரப்பட்ட அறிவுறுத்தல்களையும் ஒளிநகலாகத் தந்து, ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கச் சொன்னார்கள். 1790இன் முதல் கணக்கெடுப்பில் இருந்தவை சுதந்திரமான வெள்ளையர், பிற சுதந்திரமானவர், அடிமைகள் என்ற பிரிவுகள். 1850இல் நிறத்துக்கென்று ஒரு பத்தி வந்து, கறுப்பரைக் குறிக்கும் B, முலாட்டோ எனப்பட்ட கறுப்பு-வெள்ளைக் கலப்பினரைக் குறிக்கும் M என்ற எழுத்துகள் அதில் நிரப்பப்பட்டன. 1890இன் அறிவுறுத்தல்தான் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது. நான்கில் மூன்று பங்கோ அதற்கு மேலோ கறுப்பு இரத்தம் உள்ளவரைக் கறுப்பர் என்றும், எட்டில் மூன்று முதல் ஐந்து பங்கு வரை உள்ளவரை முலாட்டோ என்றும், நான்கில் ஒரு பங்கு உள்ளவரை குவாட்ரூன் என்றும், எட்டில் ஒரு பங்கோ ஏதேனும் ஒரு சாயலோ உள்ளவரை ஆக்டரூன் என்றும் எழுதும்படி அது கணக்கெடுப்பாளரைப் பணிக்கிறது. வீட்டு வாசலில் நின்று, எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்து, எட்டில் ஒரு பங்கை ஒருவர் எப்படிக் கண்டுபிடித்திருப்பார்? அந்தப் படிவத்தின் குறுகிய கட்டத்தில் மையால் எழுதப்பட்ட ஓர் எழுத்தை உற்றுப் பார்க்கும்போது, ஒருவரின் இனம் என்பது அந்த வாசலில், அந்த நிமிடத்தில், வேறொருவர் கையால் தீர்மானிக்கப்பட்டது என்பதை விரிவுரை சொல்லாமலே உணர்ந்துகொள்கிறோம். 1920, 1930, 1940 கணக்கெடுப்புகளில் இந்து என்பது ஓர் இனமாகவே பட்டியலிடப்பட்டிருந்தது. மதம் எதுவாயினும் இந்தியாவிலிருந்து வந்தவரெல்லாம் அந்தக் கட்டத்துக்குள் போனார்கள். 1930இல் மெக்சிகோ வம்சத்தவர் தனி இனமாக எழுதப்பட்டு, அடுத்த கணக்கெடுப்பிலேயே அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை 2000இல்தான் வந்தது. இந்த வாரத்துக்காக மட்டுமே இந்தப் படிப்பில் சேரலாம் என்பேன்.

நான்காம் வாரம் அதே தரத்தில் இரண்டு தீர்ப்புகளை அடுத்தடுத்து வைத்தது. அன்றைய அமெரிக்கக் குடியுரிமைச் சட்டம், சுதந்திரமான வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சத்தவருக்கும் மட்டுமே குடியுரிமை பெறும் வழியைத் திறந்துவைத்திருந்தது. ஜப்பானில் பிறந்து, கலிஃபோர்னியாவில் படித்து, இருபது ஆண்டுகள் அந்நாட்டில் வாழ்ந்தபின் விண்ணப்பித்த தக்காவோ ஓசாவா, தன் தோல் பல வெள்ளையரின் தோலைவிட வெளுப்பானது என்ற வாதத்தையும் வைத்தார். 1922 நவம்பரில் உச்ச நீதிமன்றம், வெள்ளையர் என்றால் தோல் நிறமன்று, காக்கேசியர் (அக்கால வகைப்பாட்டில் ஐரோப்பியர் முதலானோரை உள்ளடக்கிய இனப் பெயர்) என்று பொருள் எனக் கூறி அவருடைய மனுவைத் தள்ளியது. மூன்றே மாதத்தில், 1923 பிப்ரவரியில், பகத் சிங் தின்ட் வழக்கு அதே நீதிமன்றத்தில் தீர்ப்புக்கு வந்தது. பஞ்சாபில் பிறந்து, முதல் உலகப்போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய அவர், அந்நாளைய மானுடவியல் வகைப்பாட்டின்படி இந்தியர் காக்கேசியரே என்று வாதிட்டார். இப்போது நீதிமன்றம், அறிவியலாளரின் வகைப்பாடு செல்லாது, சாதாரண மனிதர் வெள்ளையர் என்று யாரைப் புரிந்துகொள்கிறாரோ அதுவே பொருள் என்றது. இரண்டு தீர்ப்புகளையும் எழுதியவர் ஒரே நீதிபதி, ஜார்ஜ் சதர்லேண்ட். தின்ட் தீர்ப்புக்குப் பின் ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலர் அதை இழந்தனர். இந்தியர் குடியுரிமை பெறத் தடையில்லை என்ற சட்டம் 1946இல்தான் வந்தது. நேரலையில் பயிற்றுநர் எதையும் விளக்காமல், இரண்டு தீர்ப்புகளிலும் அளவுகோல் மாறும் வாக்கியத்தைக் கோடிட்டுக் கொண்டுவரச் சொன்னார். கற்பித்தல் என்றால் இப்படி இருக்கவேண்டும்.

குடியிருப்பைப் பற்றிய ஐந்தாம் வாரமும் நன்று, சுருக்கமாகச் சொல்கிறேன். 1933இல் அமெரிக்க அரசு தொடங்கிய வீட்டுக்கடன் கழகம், 1930களின் பிற்பகுதியில் 200க்கும் மேற்பட்ட நகரங்களின் குடியிருப்புகளைப் கடனுக்குப் பாதுகாப்பானது முதல் ஆபத்தானது வரை பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என நான்கு தரமாக நிறமிட்ட வரைபடங்களைத் தயாரித்தது. நிறத்தைவிட, அதனுடன் வரும் விவரப்படிவம்தான் பார்க்கவேண்டியது: வீடுகளின் வயது, வாடகை, வருமானம் ஆகியவற்றுக்குப் பக்கத்திலேயே கறுப்பினத்தவர் எத்தனை சதவீதம், யார் ஊடுருவுகிறார்கள் என்பதற்கும் அச்சிட்ட கோடுகள் இருக்கின்றன. பிற்கால ஏற்றத்தாழ்வுக்கு அந்த வரைபடங்களே காரணமா, அல்லது கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகத்தின் கடன்காப்பு விதிகள் பெரிய காரணமா என்று ஆய்வாளரிடையே உள்ள கருத்து வேறுபாட்டையும் மறைக்காமல் கற்றுத்தந்தார்கள்.

ஆறாம் வாரம் மருத்துவம். இதைப் பற்றி விரிவாக எழுதவே இந்த மதிப்பீட்டைத் தொடங்கினேன் என்றுகூடச் சொல்லலாம். இரத்தத்திலுள்ள கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவு, வயது, பாலினம் ஆகியவற்றைக் கொண்டு சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று மதிப்பிடும் சூத்திரம் ஒன்று 2009 முதல் பரவலாகப் பயன்பட்டது. நோயாளி கறுப்பினத்தவர் என்று குறிக்கப்பட்டால், விடையை 1.159ஆல் பெருக்கவேண்டும் என்பது அதன் ஒரு பகுதி. வாசிப்புத் தொகுப்பிலிருந்த பயிற்சியில் நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெருக்குவதற்கு முன் விடை 18 என்றால், அமெரிக்காவில் சிறுநீரக மாற்றுக்கான காத்திருப்புக் காலம் எண்ணப்படத் தொடங்கும் 20 அல்லது அதற்குக் குறைவு என்ற வரம்புக்கு உள்ளே அந்த நோயாளி வந்துவிடுகிறார். பெருக்கினால் 20.9, வரம்புக்கு வெளியே போய்விடுகிறார். அதே இரத்தம், அதே வயது, அதே சிறுநீரகம். படிவத்தில் ஒரு கட்டத்தில் இடப்பட்ட குறி மட்டும் வேறு. 2021இல் அந்நாட்டின் தேசிய சிறுநீரக அறக்கட்டளையும் சிறுநீரகவியல் சங்கமும் அமைத்த குழு, இனத்தைச் சேர்க்காத புதிய சூத்திரத்தைப் பரிந்துரைத்தது.

இதற்கு நேர் எதிரான எடுத்துக்காட்டை அடுத்த விரிவுரையிலேயே வைத்ததுதான் பாராட்டுக்குரியது. விரல் நுனியில் மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவி, ஒளி தோலை ஊடுருவும் முறையில் வேலை செய்கிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் உண்மையில் குறைந்திருந்தும் கருவி இயல்பான அளவைக் காட்டிய சந்தர்ப்பங்கள் வெள்ளை நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்று 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. சிறுநீரகச் சூத்திரத்தில் இனத்தைச் சேர்த்தது தீங்கு; இங்கே தோல் நிறத்தைக் கணக்கில் எடுக்காதது தீங்கு. இரண்டையும் அருகருகே வைத்தபோதுதான், நிறமி என்பது அளக்கக்கூடிய உடற்கூறு என்பதும், இனம் என்பது அந்த உடலின்மேல் சமூகம் இட்ட வகை என்பதும், ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் உயிருக்கே கேடு வரும் என்பதும் எனக்குத் தெளிவாகப் புரிந்தன. மருத்துவத் துறையில் இருக்கும் எவரும் இந்த ஒரு வாரத்தைத் தனியாகவேனும் படிக்கவேண்டும்.

ஏழாம் வாரம் ஆய்வுமுறைகள். ஒரே தகுதியுள்ள ஏறத்தாழ 5,000 விண்ணப்பங்களைப் பாஸ்டன், சிகாகோ நகரங்களின் வேலை விளம்பரங்களுக்கு அனுப்பி, வெள்ளையர் பெயராகத் தோன்றும் பெயர்களுக்கு, கறுப்பினத்தவர் பெயராகத் தோன்றுபவற்றைவிட 50 சதவீதம் அதிக அழைப்பு வந்தது என்று 2004இல் வெளியிட்ட பெர்ட்ராண்ட், முல்லைநாதன் ஆய்வு இதில் மையம். ஒரு பெயர் இனத்தோடு சேர்த்துக் குடும்பத்தின் பொருளாதார நிலையையும் உணர்த்திவிடுமே என்ற எதிர்வாதம் சரியாகவே எழுப்பப்பட்டது. ஆனால் 1899இலேயே ஃபிலடெல்ஃபியாவின் ஏழாம் வட்டத்தில் வீடுவீடாகச் சென்று விவரம் திரட்டி, வறுமைக்குக் காரணம் இனமன்று, வேலைக்கும் வீட்டுக்கும் போடப்பட்ட தடைகளே என்று எண்களோடு எழுதிய டுபோய்ஸுக்கு ஒரே ஒரு படவில்லைதான் கிடைத்தது. சமூகவியலின் களஆய்வு முறைக்கே அடித்தளமிட்டவர்களில் ஒருவரை அப்படிக் கடந்துபோனது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

இனி எட்டாம் வாரம். இனம், பாலினம், வர்க்கம் ஆகியவை ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இடத்தில் என்ன நிகழ்கிறது என்பதே இந்த வாரத்தின் பொருள். படிப்பு முழுவதற்கும் மையமாக இருந்திருக்கவேண்டிய பொருளும் அதுவே. இன்டர்செக்‌ஷனாலிட்டி என்ற, இந்த வெட்டுமிடத்தைக் குறிக்கும் சொல்லை 1989இல் தந்த கிம்பர்லே கிரென்ஷா ஒரு சட்ட அறிஞர். அவர் தொடங்கியது ஒரு வழக்கிலிருந்து. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின்மேல் ஐந்து கறுப்பினப் பெண்கள் தொடுத்த அந்த வழக்கின் தீர்ப்பு 1976இல் வந்தது. 1964க்கு முன் அந்நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுக்கவில்லை. பின்னர் பணிமூப்பு அடிப்படையில் ஆள்குறைப்பு வந்தபோது, 1970க்குப் பின் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அனைவரும் வேலை இழந்தனர். நீதிமன்றமோ, நிறுவனம் 1964க்கு முன்னரே பெண்களை எடுத்திருக்கிறது, ஆகவே பாலினப் பாகுபாடு இல்லை என்றது. அந்தப் பெண்கள் வெள்ளையர் என்பதைக் கணக்கில் கொள்ளவில்லை. இனப் பாகுபாடு என்றால், அதே நிறுவனத்தின்மேல் நடக்கும் வேறொரு இனப் பாகுபாட்டு வழக்கோடு சேர்ந்துகொள்ளலாம் என்றது. இரண்டையும் இணைத்துக் கறுப்பினப் பெண்களுக்கென்று சட்டம் எண்ணிப் பாராத ஒரு புதிய பரிகாரத்தை உண்டாக்க முடியாது என்பது அதன் நிலைப்பாடு. வெள்ளைப் பெண்களின் அனுபவத்தையோ கறுப்பின ஆண்களின் அனுபவத்தையோ பார்த்தால் கண்ணுக்கே படாத ஒரு தீங்கு, இவர்களுக்கு மட்டும் நிகழ்ந்தது என்பதே கிரென்ஷா எடுத்துக்காட்டியது.

இந்த வழக்கை நான் மேலே எழுதிய அளவுக்குக்கூட அந்த வாரம் சொல்லவில்லை. ஒன்றன்மேல் ஒன்று படியும் வண்ண வட்டங்களைக் காட்டி, இனம் ஒரு வட்டம், பாலினம் ஒரு வட்டம், வர்க்கம் ஒரு வட்டம், நடுவில் நீங்கள் நிற்கிறீர்கள் என்று ஒரு விரிவுரை முடிந்தது. வாரத் தேர்வில், பட்டியலிலுள்ள மனிதர்களில் யாருக்கு அதிக அடையாளங்கள் உள்ளன என்று எண்ணச் சொல்லி ஒரு கேள்வி வந்தது. சுமைகளைக் கூட்டிப் பார்ப்பதுதான் இந்தக் கருத்து என்று நினைத்துக்கொண்டே பலர் அந்த வாரத்தைக் கடந்திருப்பார்கள் என்பது என் கவலை. கூட்டலால் எட்ட முடியாத இடத்தைச் சுட்டவே அந்தச் சொல் பிறந்தது. இதற்கான சிறந்த சான்று பத்தாம் வாரத்தில், தொழில்நுட்பம் என்ற வேறு தலைப்பின் கீழ் கிடக்கிறது. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வணிக மென்பொருள்களை ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018இல் சோதித்தபோது, வெளிர்நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதமாகவும், கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரையிலும் இருந்தது. மொத்தச் சராசரியை மட்டும் பார்த்தவருக்கு இந்தப் பள்ளம் தெரிந்திருக்காது. இந்த எண்களையும் அந்தத் தீர்ப்பையும் ஒரே வாரத்தில் வைத்திருந்தால் வட்டப்படமே தேவைப்பட்டிராது. இதைப் பயிற்றுநருக்கு எழுதினேன். தேர்வுக் கேள்வி தானியங்கித் தொகுப்பிலிருந்து வருவதாகவும், தன்னால் மாற்ற இயலாது என்றும் கனிவாகப் பதில் எழுதினார். கேள்வி கடைசிவரை அப்படியே இருந்தது.

மற்றொரு பெரிய குறை, அமெரிக்காவுக்கு வெளியே உள்ள உலகம் முழுவதும் பதினொன்றாம் வாரத்தில் அடைக்கப்பட்டிருப்பது. 1950இன் மக்கள்தொகைப் பதிவுச் சட்டத்தின் கீழ் தென்னாப்பிரிக்காவில் முடிக்குள் பென்சிலைச் செருகி, அது விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்து ஒருவரின் இனத்தைத் தீர்மானித்த வழக்கமும், 1976இல் பிரேசிலில் உங்கள் நிறம் என்ன என்று திறந்த கேள்வியாகக் கேட்டபோது 100க்கும் மேற்பட்ட சொற்கள் பதிலாக வந்ததும் தலா பத்து நிமிடத்தில் முடிந்தன. சாதியையும் இனத்தையும் ஒப்பிடலாமா என்ற நீண்ட விவாதத்துக்குக் கிடைத்தது அரைப் பக்கம். ஒப்பீடு பொருந்தாது என்று 1948இல் ஆலிவர் காக்ஸ் விரிவாக வாதிட்டதும், 1946இல் அம்பேத்கர் டுபோய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த மனுவின் பிரதியைக் கேட்டதும், இனப் பாகுபாட்டை ஒழிப்பதற்கான 1965இன் ஐ.நா. உடன்படிக்கையிலுள்ள வம்சாவளி என்ற சொல் சாதியையும் உள்ளடக்கும் என்று அதற்கான குழு 2002இல் விளக்கமளித்ததும் தனி வாரத்துக்கே போதுமான செய்திகள். இதைத் தேடி வருபவர் ஏமாற்றமடைவார்.

சேவையைப் பற்றிச் சில சொற்கள். விரிவுரைகளின் ஒலியும் எழுத்துவடிவமும் தரமானவை. பழைய ஆவணங்களின் ஒளிநகல்களைப் பெரிதாக்கிப் பார்க்க முடிகிறது, கைபேசியில் மட்டும் சிரமம். நேரலை வகுப்பில் இருபது பேருக்கு மேல் சேர்க்கவில்லை என்பதால் எல்லாருக்கும் பேச இடம் கிடைத்தது. கட்டுரைகளைத் திருத்தித் தருவதாகச் சொன்ன காலம் ஒரு வாரம். என் மூன்றாம் கட்டுரைக்கு மூன்று வாரம் ஆனது, அதற்குள் நான்காவதை எழுதி அனுப்பிவிட்டேன். வந்த திருத்தங்களோ ஆழமானவை. கணக்கெடுப்பைப் பற்றிய என் இறுதிக் கட்டுரையின் ஓரத்தில், 'பதிவு செய்யப்பட்டனர் என்று எழுதியிருக்கிறீர்கள், யார் பதிவு செய்தார்?' என்று ஒரு கேள்வி இருந்தது. அந்தச் செயப்பாட்டு வினை ஒன்றைத் திருத்தப் போய்க் கட்டுரையின் பாதியைத் திருப்பி எழுதவேண்டி வந்தது.

ஆசிரியர்கள், மருத்துவத் துறையினர், சட்டம் படிப்போர், தரவுகளோடு வேலை செய்வோர் ஆகியோருக்கு இந்தப் படிப்பைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். வாரத்துக்கு ஆறேழு மணிநேரம் ஒதுக்க முடியாதவர்கள் மூன்று, நான்கு, ஆறாம் வாரங்களை மட்டும் கேட்டாலும் பயன் உண்டு. சேர்பவர்கள் எட்டாம் வாரத்துக்குப் போகும் முன் ஜெனரல் மோட்டார்ஸ் வழக்கின் தீர்ப்பையும் கிரென்ஷாவின் 1989 கட்டுரையின் முதல் பகுதியையும் தாங்களாகவே தேடி வாசித்துவிடவேண்டும். தீர்ப்பு சில பக்கங்கள்தான். ஒரு மாலைப் பொழுது போதும்.